ஒய் என்றால் இசட்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. சோதனையில் தேறாத பொருளின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், ஒட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைப் பிய்க்கக் கூடாது. மேனேஜரே ஆனாலும் தொடக் கூடாது. ஓசூர் தொழிற்பேட்டையில் பதினோரு வருடங்களாக அந்த ஸ்டிக்கர் ஒட்டும் வேலை என்னுடையது. விரல் நகம் அளவு வட்டம். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் நிறைய இருக்கும். வண்டிப் பாகங்கள் வரும், அளப்பேன், சரியில்லை என்றால் ஒட்டுவேன். அதனால் எனக்கு அங்கே பெரிய நல்ல பெயர் கிடையாது.

ஒரு நாள் பாகத்தில் குறை இல்லை, வரைபடத்தில்தான் தப்பு. ஒரே துளைக்கு இரண்டு மூலையில் இரண்டு விதமான அளவு எழுதியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு மாடியில் இருக்கும் டிசைன் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அக்கா, உங்களுக்கு அளக்கத்தான் சம்பளம். வரையறத நாங்க பாத்துக்கறோம்” என்றார். மறுநாள் திருத்திய வரைபடம் கீழே வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்குச் சரியாக வரைய வராதா? அந்த ரூமில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

நான்கைந்து மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. டிசைன் ரூமில் ஒரு இடம் காலி. உள்ளே வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம். ஒரு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் ஒரு பாகத்தை வரைந்து காட்ட வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. என் அப்பாவும் அம்மாவும் கெலமங்கலம் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்தவர்கள். நானும் அதுவரை கம்ப்யூட்டரில் செய்த ஒரே வேலை, அளந்த எண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வருவதுதான்.

முதலில் லேப்டாப் வேண்டும். புதிது வாங்க வழியில்லை. பெங்களூரு ஆபீஸ்களில் கழித்துப்போடும் பழைய லேப்டாப்கள் எல்லை தாண்டி எங்கள் ஊர்க் கடைகளுக்கு வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்படி ஒரு கடை. நான் வெறுங்கையோடு போகவில்லை. தொழிற்சாலையில் சரக்கு வந்தால் எப்படிச் சோதிப்போமோ அப்படியே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். கீல் ஆடுகிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, வரையும் மென்பொருளைப் போட்டு அதனோடு வரும் மாதிரி எஞ்சின் படத்தைத் திறந்தால் திணறுகிறதா, அரைமணி ஓடினால் எவ்வளவு சுடுகிறது. முதல் லேப்டாப்பின் கீல் தொளதொளவென்றிருந்தது. இரண்டாவதன் மின்விசிறி கிரைண்டர் போட்ட மாதிரி சத்தம் போட்டது. மூன்றாவதன் மேல் ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த சரக்கு வேறு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. மூன்றின் மேலும் சிவப்பு ஒட்டினேன்.

கடைக்காரர் கன்னடத்தில் வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“அய்யய்யோ அக்கா, என் பொருளு மேல நீங்க எதுக்கு செவப்பு ஒட்டறீங்க? வர்றவங்க பாத்துட்டு ஓடிப் போவாங்களே!”

“அப்ப நல்லத எடுத்துக் காட்டுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு, உள்ளறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கனமானது, அழகில்லாதது. ஆனால் எஞ்சினை மளமளவென்று திறந்தது, சுடவும் இல்லை. பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. “இத ஏன் ஒளிச்சு வெச்சீங்க?” என்றேன்.

“ஒளிக்கலீங்க்கா. இது எந்த நாட்டுக்கோ பண்ணினது. கீபோர்டுல ஒய்யும் இசட்டும் எடம் மாறி அச்சாயிருக்கும். ஒய்னு இருக்கறத அமுக்குனா இசட் வுழும். யாரும் வாங்க மாட்டேங்கறாங்க.”

இரண்டு எழுத்துதானே என்று வாங்கிவிட்டேன். கடையை விட்டு இறங்கும் முன் மற்ற மூன்றின் மேல் இருந்த ஸ்டிக்கர்களையும் நானே பிய்த்துக் கொடுத்தேன். சட்டம் சட்டம்தான்.

மென்பொருளை முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். தேர்வுக்கு அது போதும். என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். காலையில் அவர் கிளம்பிப் போனதும், என் இரண்டாம் ஷிப்டுக்கு நேரம் ஆகும்வரை சாப்பாட்டு மேசையே என் டிசைன் ரூம். பாடத்துக்கு மொபைலில் வீடியோ பார்த்தேன். தமிழில் பேசினவர் அவசரக்காரர். புரியும்படி நிதானமாகச் சொன்னவர் ஒரு கன்னடக்காரர். ஓசூர்க்காரிக்குக் கன்னடம் ஒரு பொருட்டா? மொபைலைத் தம்ளரில் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன்.

புதிதாக வரைகிறவளுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டளை, செய்த தப்பிலிருந்து ஒரு படி பின்னால் போவது. அதற்குக் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். என் லேப்டாப்பில் இசட் விழ வேண்டுமென்றால் ஒய் என்று அச்சானதை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தப்பு செய்தால் நூறு முறை ஒய். மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

கணவர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். “உன்கிட்டதான் ஸ்டிக்கர் கெடக்குதே. எழுத்த எழுதி அந்த ரெண்டு பட்டன் மேல ஒட்டிடேன்” என்றார்.

“எனக்குத் தெரியுங்க. என் மெஷின் எனக்குப் பழகிடுச்சு” என்றேன்.

ஊரில் உள்ள பொருள் மேலெல்லாம் ஒட்டினவள் என் பொருள் மேல் ஒட்ட மாட்டேன் என்றேன். வீம்பு, வேறென்ன.

தேர்வு அன்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். என்னை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார் டிசைன் ரூம் பொறுப்பாளர். காதோரம் மட்டும் நரைத்த மனிதர், அதிகம் பேச மாட்டார். வரையக் கொடுத்தது ஒரு மூடி. பார்த்ததும் தைரியம் வந்தது. அந்த மாதிரி மூடிகளை ஆயிரக்கணக்கில் அளந்திருக்கிறேன். பாதி வரை தடங்கல் இல்லை. பிறகு ஒரு துளையைத் தப்பான பக்கத்தில் போட்டுவிட்டேன். கண் தானாக ஒய்யைத் தேடியது, அழுத்தினேன். துளை அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். அசையவில்லை. மென்பொருள் கோளாறு என்று நினைத்து, துளையைக் கையால் அழிக்கப் போய், அதோடு ஒட்டியிருந்த பக்கச் சுவரும் போய்விட்டது. பத்து நிமிடம் வீண்.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் கீபோர்டு சரியானது. தப்பானது என் பழக்கம்.

இனி இசட்டை அழுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தப்பில் மறுபடி கண் ஒய்யிடம்தான் போய் நின்றது. மூன்று வாரத்துப் பழக்கம் ஒரு நிமிடத்தில் மாறாது. கீழே மெஷினில் ஆளுக்குக் கை பழகிவிட்டால் நாங்கள் ஆளை மாற்ற மாட்டோம், பொருளைப் பிடித்து வைக்கும் தாங்கியை மாற்றுவோம். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். இரண்டு சிவப்பு ஸ்டிக்கர். ஒன்றில் ஒய் எழுதி இசட்டின் மேல் ஒட்டினேன். மற்றதில் இசட் எழுதி ஒய்யின் மேல் ஒட்டினேன். கீபோர்டு என் வீட்டுக் கீபோர்டு ஆனது.

பொறுப்பாளர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“என்னம்மா, என் கீபோர்ட ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?”

“ஆமாங்க சார்” என்றேன், திரும்பிப் பார்க்காமல். விளக்கம் சொல்ல நேரமில்லை. சுவரைத் திரும்ப எழுப்பினேன், துளையைச் சரியான பக்கத்தில் போட்டேன். கடைசி வளைவை முடித்தபோது இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. ஷிப்ட் ஆரம்பித்துவிட்டதால் அப்படியே கீழே ஓடினேன். ஸ்டிக்கரை மறந்தே போனேன்.

ஒரு வாரம் தகவல் இல்லை. ஒவ்வொரு நாளும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வெறுப்போடு என் மேசைக்குப் போனேன். கிடைக்கவில்லை என்றால் அடுத்த முறையும் எழுதுவேன், அதற்கடுத்த முறையும் எழுதுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தேன். வெள்ளிக்கிழமை பொறுப்பாளரே கீழே இறங்கி வந்தார்.

“ஓரத்து சீட்டு கீபோர்டுல ரெண்டு செவப்பு அப்படியே இருக்குது. பசங்க தட்டத் தெரியாம தடுமாறிட்டுக் கெடக்கறாங்க.”

“மறந்துட்டேன் சார். பிய்ச்சிப் போட்டிருக்கலாமே.”

“ஒட்டினது நீங்க. நான் தொடலாமா? சட்டம் தெரியாதா உங்களுக்கு? திங்கக்கெழம மேல வந்து, அந்த சீட்ல உக்காந்து நீங்களே பிய்ச்சிக்கங்க. இனிமே உங்க சீட்டு அது.”

கையில் இருந்த பாகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

திங்கட்கிழமை மேலே போய் உட்கார்ந்தேன். ஸ்டிக்கரை இன்னும் பிய்க்கவில்லை.