வேனில் நான் கொடுத்த மிட்டாய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது மலேசியாவில், கிள்ளானில் நடந்தது இது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலை ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்து, பதினொரு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். மதியம் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் விடுவேன்.

பதினொரு பிள்ளைகளை ஒரு வேனில் அடைத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் என் பாடு. ஒன்று அழும், ஒன்று கிள்ளும், ஒன்று பின்சீட்டில் ஏறி நின்று ஆடும். எனக்கோ குரல் பெரிசு, பொறுமை சிறிசு. அதனால் இரண்டு வழி வைத்திருந்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மெல்லுகிற மிட்டாய்; காலையில் ஏறும்போது ஒன்று, மதியம் ஏறும்போது ஒன்று. அதற்கும் அடங்கவில்லையா, "சத்தம் போட்டீங்க, நேரா பல் டாக்டர்கிட்ட கொண்டுபோய் விட்டுருவேன். குறடு வெச்சிப் புடுங்கிருவாங்க" என்பேன். அவ்வளவுதான், வேன் கப்சிப். பெற்றோரும் "ஆன்டி வேன்ல மட்டும் எப்படித்தான் அமைதியா வருதுங்களோ" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்திக்கு எட்டு வயது. வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிள்ளை பாதித் தூக்கத்தில், சாக்லேட் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே வேனில் ஏறும். பல் துலக்கியதோ இல்லையோ, நான் கேட்டதில்லை. சத்தமே போடாத பிள்ளை என்பதால் எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். சில நாள் ஒரு மிட்டாய் கூடவே கொடுப்பேன்.

அன்று மதியம் அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஏறினாள். மிட்டாயைக் கொடுத்தேன். வாங்கினாள், தின்னவில்லை. "என்னம்மா?" என்றேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நானும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. தீபாவளிக் கூட்டம் முழுக்க லிட்டில் இந்தியா கடைத்தெருப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆன்டி, இவ எச்சில் ஒழுக விடுறா!"

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கத் தாடை இருந்த இடம் தெரியவில்லை. வீக்கம் கழுத்து வரை இறங்கியிருந்தது. சீட் தாண்டிப் போய்த் தொட்டால் உடம்பு அனல். "வாயத் திறம்மா" என்றால் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றினேன், விழுங்க முடியாமல் அப்படியே வெளியே வந்தது. மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் கேட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று தெரியும். வேலை இடத்தில் போனை லாக்கரில் வைக்க வேண்டும். வீட்டில் விடலாமென்றால் வீட்டில் யாருமில்லை. மற்ற பத்துப் பிள்ளைகளை என்ன செய்வது? பெற்றோர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். "பிள்ளைங்கள ஏத்திகிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க வந்து கூட்டிக்குங்க. திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்கலா."

ஹாரனை அழுத்திப் பிடித்தேன். யாரும் நகரவில்லை. நகர இடமும் இல்லை. பக்கத்தில், வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் நின்ற ஒரு மலாய்க்காரர் முறைத்தார். "அனாக் சாக்கிட்!" என்று கத்தினேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சொல்ல அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் எட்டி உள்ளே பார்த்தார். "ஈக்குட் சாயா, காக்" என்றார். என் பின்னாலேயே வா அக்கா என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் குறுக்கே விட்டார். ஒவ்வொரு காராகத் தட்டித் தட்டி ஒதுக்கினார். ஓர் இடத்தில் இறங்கி நின்று, கையை விரித்து லோரியையே நிறுத்தினார். அவசரப் பிரிவு வாசலில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை. ஹெல்மெட்டைத்தான் பார்த்தேன், முகம் தெரியாது.

மற்ற பத்துப் பிள்ளைகளும் என் பின்னாலேயே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்று மிட்டாய் இல்லாமலே ஒருவரும் மூச்சுவிடவில்லை.

தாதி ஊசி ஏற்ற அவள் கையைப் பிரித்தார். உள்ளங்கையில் என் மிட்டாய் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். "சொத்தைப் பல்லுலருந்து சீழ் நாக்குக்கு அடியில பரவிருச்சி. இன்னும் வீங்குனா மூச்சே அடைச்சிரும். மயக்கம் குடுத்து உடனே திறக்கணும். நீங்க அம்மாவா?"

"வேன் ஆன்டி டாக்டர்."

"அம்மாவ வரச் சொல்லுங்க. வரலன்னா நாங்களே முடிவு எடுப்போம், காத்திருக்க முடியாது."

போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்று மணி ஓய்வு நேரத்தில்தான் அந்த அம்மா எடுத்தார். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அறுவை சிகிச்சை அறை தயாராவதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார், தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"மிட்டாய் நிறைய சாப்பிடுவாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர், வீட்ல வாங்குறதே இல்ல. காலையில பால் மட்டுந்தான் குடிப்பா."

நான் சுவரைப் பார்த்தேன். பழி பால் பாட்டில்மேல் போகட்டும், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

மகளின் வாயைத் துடைக்கத் துண்டு தேடி அவர் பள்ளிப் பையைத் திறந்தார். புத்தகங்களுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு படிவம் கிடந்தது. பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு பெற்றோர் கையெழுத்துக் கேட்டுக் கொடுத்தது. கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏம்மா, அம்மாகிட்ட காட்டல?" என்று மகளைக் கேட்டார்.

அவளால் பேச முடியாது. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. நான் எங்கே அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறடு வைத்துப் பிடுங்குவார்கள் என்று தினமும் சொன்ன இடத்துக்குத்தானே!

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மிட்டாய், அந்த மிரட்டல், பெருமை எல்லாம். அந்த அம்மா மகளின் கட்டிலோடு கூடவே நடந்து போனார். அறுவை சிகிச்சை அறைக் கதவு சாத்திய பிறகு நாங்கள் இருவரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். அவர்தான் முதலில் பேசினார்.

"வலிக்குதுன்னு ஒரு தடவ சொன்னா, அக்கா. பால் பல்லுதானே, விழுந்துரும்னு பேசாம இருந்துட்டேன்."

அது பால் பல் இல்லை. ஆறு வயதில் முளைக்கிற நிரந்தரப் பல் என்று, பிள்ளை பிழைத்துவிட்டாள் என்ற செய்தியோடு டாக்டர் வந்து சொன்னார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

இப்போது வேனில் டப்பா இல்லை. பிள்ளைகள் பழையபடி கத்துகிறார்கள், நானும் கத்துகிறேன். அடுத்த முறை அவளைப் பல் மருத்துவரிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். "ஆன்டி, மொதல்ல நீங்க உக்காருங்க" என்றாள். ஐம்பது வயதில் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். குறடு எதுவும் வரவில்லை. அவள் எட்டி நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தாள்.

காலையில் அவள் பெரிதாகக் கொட்டாவி விடும்போது கீழ்வரிசையில் அன்று எடுத்த பல்லின் வெற்றிடம் கண்ணாடியில் தெரியும். ஒரு வேனை அடக்க நான் சொன்ன வார்த்தை ஒரு பிள்ளையின் வாயை மூன்று வாரம் மூடி வைத்திருந்தது என்ற நினைப்போடுதான் இன்றும் வண்டியை எடுக்கிறேன்.