இரண்டு என்று ஒட்டியிருந்த டிஸ்க்

கோயில் மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: கொயர் அறை மின்விசிறி, நீண்ட நாள் முனகலுக்குப் பின், நேற்று எண்ணெய் பெற்று அமைதியடைந்தது.

இதை ரிச்சர்ட்ஸ் டவுன் கோயில் பலகையில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் வந்து, ராபர்ட் அண்ணன் போய்விட்டார் என்றார். மஞ்சள் காமாலை. இருபத்தாறு வயது. காகிதத்தை நானே கிழித்தேன்.

நம் பாட்டுகளையெல்லாம் பதிவு செய்து கொயர் அறைக் கணினியில் வைத்தவர் அவர். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். இரண்டிலும் அதே பாட்டுகள். "ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு பாடும்டா" என்பார். ஊரார் குரலையெல்லாம் சீர்செய்த மனிதர், தான் தனியாகப் பாடியது ஒரே ஒரு கிறிஸ்துமஸில். அதுவும் பாட வேண்டியவனுக்குத் தொண்டை கட்டியதால்.

என் குறும்புகளை நீங்கள் அறிவீர்கள். ஒன்றில்கூட நான் பிடிபட்டதில்லை என்பதையும் அறிவீர்கள். நானே போதுமான அளவு சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் இரண்டாம் டிஸ்க் பழுது என்று கணினி சொன்னது. அண்ணன் புதிது வாங்கிவந்து பெட்டியைத் திறந்தார். '2' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, செத்துப்போச்சு. இத வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்னே இரு."

நான் வெளியே போய் ஸ்க்ரூடிரைவரால் அதைப் பிளந்தேன். உள்ளே கண்ணாடி போன்ற வட்டத் தட்டு. வெயிலைப் பிடித்து ஆல்டோ பாடும் அக்காமார் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"நல்லதும் போயிருச்சுடா மகா. எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

ஞாயிறன்று எல்லோர் முன்னும் நின்று, "வேற எடத்துலயும் ஒரு காப்பி வச்சிருக்கணும். என் தப்பு" என்றார். அதற்குப் பிறகு பதிவுக் கருவியை அவர் தொடவில்லை.

அண்ணன் அந்தக் கிறிஸ்துமஸில் பாடியதை நினைவுத் திருப்பலியில் போட வேண்டும் என்கிறார் மாஸ்டர். "உன்கிட்ட எங்கயாவது இருக்காடா?" என்று நேற்றுக் கேட்டார். என்னிடம் அந்தத் தட்டு மட்டும் இருக்கிறது.

டிஸ்க் பழுதாவதற்கு ஒரு மாதம் முன், விளையாட்டாக '1', '2' என்ற அந்த இரண்டு ஸ்டிக்கர்களையும் இடம் மாற்றி ஒட்டியவன் நான். அண்ணன் என் கையில் தந்தது நல்ல டிஸ்க்; பெட்டியில் விட்டதுதான் பழுதானது. அவர் வாசலுக்கு வந்து சொன்னபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

பிடிபடாதது என் சாமர்த்தியம் இல்லை. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை.