ரவுணுக்கும் ஒரு பங்கு

என் கணவர் ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் இரண்டும் பழுது. ஆனால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தைச் சுத்தமாக்குகிற மெசினுக்கோ ஒவ்வொரு முறையும் பரல் கணக்கில் தண்ணீர் வேண்டும். "நான் குடிக்காததையெல்லாம் சேர்த்து அது குடிக்குது" என்று பகிடி விடுவார். எனக்குச் சிரிப்பு வராது. குழாயில் தண்ணீர் நின்றால் மெசின் நிற்கும். அதற்குப் பிறகு என்ன என்று நினைக்கவே எனக்குப் பயம்.

அந்த மாரியில் மழை ஏமாற்றிவிட்டது. பெரிய குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. வயலும் எங்கள் நகரத்துக் குழாய்களும் அந்த ஒரே குளத்தைத்தான் நம்பியிருக்கின்றன. கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு முன் விவசாயிகள் கூடி, இருக்கிற தண்ணீருக்கு எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுப்பது இங்கே வழக்கம். தண்ணீர் குறைந்த வருடத்தில் எல்லா வயலிலும் விதைக்க மாட்டார்கள். குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்களை மட்டும் பங்கு பிரித்து, கடைசி வாய்க்கால்காரருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். காணி யாருடையது என்ற கதை அந்தப் போகத்துக்கு எடுபடாது.

அந்த முறை, அவர்கள் ரவுண் என்று சொல்கிற எங்கள் நகரத்து ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் நகரத்தின் முன்னுரிமைகளை வாசித்தார். குடிதண்ணீரும் ஆஸ்பத்திரியும் முதலில், பள்ளிக்கூடங்கள் அடுத்தது. ஒழுகுகிற குழாய்களை உடனே அடைக்க வேண்டும். வாகனம் கழுவுவதும் பூமரத்துக்குத் தண்ணீர் விடுவதும் தடை. இவற்றையெல்லாம் செய்துவிட்டு, குளத்திலும் நகரத்துக்கென்று தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்றார்.

கண்டாவளைப் பக்கத்து விவசாயி ஒருவர் சடாரென்று எழும்பினார். "ரவுணில கார் கழுவுறதுக்கு நாங்கள் பட்டினி கிடக்கிறதோ?"

எனக்கு வந்ததே கோபம்! நானும் எழும்பிவிட்டேன். "காரோ? எங்களிட்ட ஒரு ஓட்டைச் சைக்கிள்தான் கிடக்குது! என்ர மனிசன்ர உயிர் அந்தக் குழாயில தொங்குது, தெரியுமோ உங்களுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அதுக்கேன் அக்கா கத்துறியள்? ரவுணும் எங்களோட ஒரு பங்காளியா வரட்டும். ஆனா பங்கெடுத்தா வாய்க்காலும் துப்பரவாக்கோணும். வருவியளோ?"

"ஏன் வராம? மண்வெட்டி என்ன, எங்கட கையைக் கடிக்குமோ?"

கடிக்கத்தான் செய்தது. முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடைக்காரர், ஆசிரியர், ஓட்டோக்காரர் என்று நகரத்து ஆட்கள் வரிசையாக வாய்க்காலில் இறங்கி நின்றோம். அந்தக் கண்டாவளைக்காரர் வரம்பில் நின்று என்னைக் கிண்டல் பண்ணினார். "அக்கா, அது அகப்பை இல்லை, மண்வெட்டி!"

"வாயை மூடுங்கோ. இல்லாட்டி இது உங்கட பக்கம் திரும்பும்!"

அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே எனக்குப் பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தா. கை எரிந்தாலும் அன்றைக்கு மனம் நிறைந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

நம்பியிருந்த இடைமழையும் பெய்யவில்லை. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று இருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது. நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் குளக்கட்டிலேயே திரும்பக் கூட்டம் போட்டார்கள். மிஞ்சிய தண்ணீரை வயலுக்கு இன்னொரு முறை பாய்ச்சலாம், அல்லது மாரி வரைக்கும் நகரத்துக்கு வைத்திருக்கலாம். இரண்டுக்கும் காணாது. பங்கு முறை என்றால் குறைகிறபோது எல்லாருக்கும் குறைய வேண்டும், நகரத்துக்கும் வெட்டு விழும் என்றார் அதிகாரி. அப்படி நடந்தால் மெசின்களில் பாதியை நிறுத்திவிட்டு, நோயாளிகளில் பாதிப் பேரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்களாம். மெசினிலிருந்து எழும்பி வாசல் வரைக்கும் நடக்கவே முடியாத மனிதரை நான் எந்த பஸ்ஸில் ஏற்றுவேன்?

இந்தத் தடவை எனக்குக் கத்த வாய் வரவில்லை. நியாயம் அவர்கள் பக்கமும் இருந்தது. அதே கண்டாவளைக்காரர்தான் எழும்பினார்.

"என்ர நெல்லு இன்னும் பால் பிடிக்கேல்லை. இந்தத் தண்ணி இல்லாட்டி முழுக்கப் பதர்தான். எண்டாலும் ரவுண்ட பங்கில கை வைக்காதேங்கோ. வயலை அடுத்த போகம் விதைக்கலாம்."

பின்னாலிருந்து ஒரு குரல், "ஓம், விடுங்கோ" என்றது. ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர்கள்!

சில கிழமைகள் கழித்து கணவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அந்த மனிதருடைய பங்கு வயல். காய்ந்துபோன பயிருக்குள் மாடுகளை விட்டுவிட்டு வரம்பில் நின்றார். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நன்றி சொல்லத்தான் இறங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் ஓட்டோவுக்குள் இருந்த என் கணவரை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, நிண்டு பாக்கிறியள்? அவருக்கு மெசினுக்கு நேரமாகுதெல்லோ, போங்கோ!"