கோல்காப்பாளனுக்குச் சொன்ன வரிக்கணக்கு

தர்மினி ஒரு பயந்தாங்கொள்ளி. அதை அவளே ஒத்துக்கொள்ளுவாள். நோர்வேயிலை, அம்மருட் எண்ட இடத்திலை ஒன்பதாம் மாடியிலையிருந்து இறங்கி வந்தவள், அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு திரும்பி ஏறாத நாள் குறைவு. கணக்கியல் படிச்சதும் பயத்திலைதான். கணக்கிலை பிழை விட்டால் அழிச்சுத் திருத்தலாம், ஆருக்கும் ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சாள், பாவம்.

நாலைஞ்சு இடம் மாறி, கடைசியிலை குரோருட் பக்கம் ஒரு ஐஸ் ஹொக்கிக் கழகத்திலை வேலை கிடைச்சுது. விளையாட்டுக்காரரின்ரை சம்பளமும் வரியும் அவளின்ரை பொறுப்பு. "பெடியங்கள் தடியாலை அடிபட, நீ இருந்து கணக்கெழுதுறியோ?" எண்டு அவளின்ரை மனுசன் துஷாந்த் பகிடி பண்ணுவான்.

அவனுக்கென்ன தெரியும்? அந்தக் கழகத்தின்ரை தலையெழுத்துப் பாதி வரியிலைதான் கிடக்கு. நல்ல விளையாட்டுக்காரன் எவனும் சம்பளம் எவ்வளவு எண்டு கேக்கமாட்டான். வரி போகக் கையிலை என்ன மிஞ்சும் எண்டுதான் கேப்பான். வரி குறைஞ்ச நாட்டுக் கழகம் ஒண்டு கண்ணைக் காட்டினால் காணும், பறந்திடுவான். மிஞ்சினவங்களை வைச்சுத்தான் இஞ்சை மாரடிக்கிறது. அப்பிடியான இடத்துக்குப் போன செப்டெம்பரிலை கனடாவிலையிருந்து றொபின் எண்ட கோல்காப்பாளன் வந்து சேர்ந்தது பெரிய அதிட்டம். அவன் வலைக்கு முன்னாலை நிண்டால், பக் எண்டு சொல்லுற அந்தக் கறுப்பு றப்பர் வட்டு உள்ளுக்குப் போறது லேசில்லை.

மார்ச் மாதம் கால் இறுதி வந்துது. ரண்டு பக்கமும் மூண்டு மூண்டு வெற்றி. ஏழாவது ஆட்டத்திலை வெண்டால் அரை இறுதி, தோத்தால் மூட்டை கட்டவேண்டியதுதான். தோத்தால் காசு குடுக்கிற கம்பனியும் கையை விரிச்சிடும். பிறகு முதல் போறது தர்மினியின்ரை வேலை.

அண்டைக்குக் காலமை, தோத்தால் றொபின் ஊருக்குப் போக ரிக்கெற் பார்ப்பமெண்டு அவன் வந்த திகதியைத் தேடினவள், அவன் நிண்ட நாளை எண்ணிப்பார்த்து ஐயோ எண்டாள். நோர்வேயிலை பன்னிரண்டு மாசத்துக்குள்ளை நூற்று எண்பத்து மூண்டு நாளுக்கு மேலை ஒருத்தன் நிண்டால், வரிக்கு அந்த வருசம் முழுக்க அவனும் இந்த நாட்டு ஆள்தான். உலகத்திலை எங்கை உழைச்சாலும் இஞ்சை கணக்குக் காட்டவேணும். தோத்து நாளையிண்டைக்குப் பறந்தால் றொபினுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வெண்டு அரை இறுதிக்கு நிண்டால் அந்த நாள்க் கணக்கைத் தாண்டிப் போயிடும். அந்தப் பெடியன், செத்துப்போன தேப்பனின்ரை மர ஆலையிலை தனக்கு வந்த பங்கை ஜனவரியிலைதான் வித்தவன். அந்தக் காசுக்குக் கனடாவும் வரி கேக்கும், இஞ்சையும் கேப்பாங்கள். ரண்டு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்குத்தான். ஆனால் அதைக் காட்டி வாதாடி முடிய எத்தினை வருசமோ!

ஓடிப்போய்க் கழகத்தின்ரை விளையாட்டுப் பொறுப்பாளர் செபஸ்ரியனிட்டைச் சொன்னாள்.

"ஆட்டம் முடியட்டும், பிறகு சொல்லு," எண்டான் அவன்.

"பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

"இப்ப சொல்லி நாங்கள் தோத்தால், உன்ரை வேலைக்கு நான் பொறுப்பில்லை."

சொன்னாலும் பயம், சொல்லாட்டிலும் பயம். கடைசியிலை, தெரிஞ்சுகொண்டு ஒருத்தனைக் குழியிலை விழ விடேலாது எண்டு மனம் இடங்குடுக்காமல், உடுப்பு மாத்திற அறை வாசலிலை அவனைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். றொபின் ஒரு காலுக்குக் கவசம் கட்டினபடி கேட்டுக்கொண்டு நிண்டான். "நன்றி, தர்மினி," எண்டான். முகமூடியை இழுத்துவிட்டிட்டுப் போயிட்டான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். தூரத்திலையிருந்து எதிராளி ஒருத்தன் சும்மா தட்டின பக், ஊர்ந்துவந்து றொபினின்ரை ரண்டு காலுக்கும் நடுவாலை உள்ளுக்குப் போச்சு. குழந்தைப்பிள்ளையும் மறிச்சிருக்கும். செபஸ்ரியன் திரும்பி தர்மினியைப் பார்த்தான். ஐயோ, அந்தக் கோலை நான்தான் அடிச்சனான் எண்டு அவள் நினைச்சாள். முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்காலை பார்த்தாள்.

அதுக்குப் பிறகு ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லை. விழுந்தும் மறிச்சான், தலையாலையும் மறிச்சான். பைத்தியம் பிடிச்ச மாதிரி மறிச்சான். கழகத்துப் பெடியங்கள் ஒண்டு அடிச்சுச் சமன் செய்து, முடியப்போற நேரத்திலை இன்னொண்டும் அடிச்சாங்கள். வெண்டாச்சு! செபஸ்ரியன் ஆரெண்டில்லாமல் கட்டிப்பிடிச்சான். தர்மினி மட்டும் கதிரையாலை எழும்பேல்லை.

சனம் கலைஞ்ச பிறகு றொபின் அவளின்ரை அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அந்த முதல் கோல் போகேக்கை நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை. "நீ வேணுமெண்டு விட்டிட்டாய் எண்டு."

அவன் கோபிப்பான் எண்டு பார்த்தாள். கோபிக்கேல்லை. கதிரையிலை தொப்பெண்டு இருந்தான்.

"நானும் அதைத்தான் நினைச்சனான். விட்டனானோ, தவறிச்சுதோ, சத்தியமாய் எனக்குத் தெரியாது. மிச்சம் முழுக்க, திரும்பவும் விட்டிடுவனோ எண்டு என்னிலை எனக்கிருந்த பயத்திலைதான் மறிச்சனான்."

தண்ணிப் போத்தலைத் திறக்க அவனாலை ஏலேல்லை. தர்மினி வாங்கித் திறந்து குடுத்தாள்.

"இனிமேல் இப்பிடி ஒண்டை," எண்டான், "ஆட்டத்துக்கு முதல் எனக்குச் சொல்லாதையுங்கோ."