பஞ்சு உட்கார்ந்த இடங்கள்

திருப்பூருக்குத் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே என் பெயர் காணாமல் போய்விட்டது. முதலிபாளையத்தில் இப்போது நான் நாய்க்கார அம்மா. காலையில் பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் டீக்கடையே திரும்பிப் பார்க்கிறது. "ஏனுங்க, ஆட்டுக்குட்டியச் செயின்ல கட்டிக் கூட்டீட்டுப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஆடு இல்லீங்க, நாய்தானுங்க என்றேன். என்ன சாதி என்றார். கோக்கபூ, காக்கர் ஸ்பேனியலுக்கும் பூடிலுக்கும் பிறந்தது என்றேன். அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஒரிஜினல் இல்லீங்களா?" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியனைப் புரட்டிப் பார்க்கிற கண்ணோடு என் நாயை ஒரு சுற்றுப் பார்த்தார்.

இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் தோழிகளே, சிரிக்காதீர்கள். அங்கே மட்டும் என்ன வாழ்ந்ததாம்? இளம்பெண்கள் "ஸோ க்யூட்" என்று குனிந்து கொஞ்சுவார்கள். சுத்த ரத்த லாப்ரடார் வைத்திருக்கும் பெரியவர்களோ எங்களைப் பார்த்தாலே வாயைக் கோணுவார்கள். பூடிலைக் கலந்த நாய் வாங்குகிறவர்கள் எல்லாம் பகட்டுப் பேர்வழிகள், ஃபேஷனுக்காக இனத்தைக் கெடுக்கிறவர்கள் என்பது அவர்கள் முடிவு. அப்படி ஒருவர் பார்க்கில் என் வீட்டுக்காரர் துரைசாமியை நிறுத்தி வைத்து வகுப்பெடுத்தார். இவருக்குப் பதில் சொல்ல வாய் வந்தது, மூச்சு வரவில்லை. இருமத் தொடங்கினார். அந்த மனிதரோ, இவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்துச் சிவந்துபோனார். உடனே பஞ்சு நடுப்பாதையில் உட்கார்ந்து, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருமல் அடங்கும்வரை அசையவில்லை. லாப்ரடார்க்காரர் தன் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பகட்டாம், பகட்டு. அந்த நாயை நாங்கள் ஏன் வாங்கினோம் என்று ஒருவராவது கேட்டிருக்கிறார்களா? துரைசாமி மீசை முளைக்கிற வயதில் பல்லடம் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டும் மில். உள்ளே போனால் எதிரில் நிற்பவர் மூஞ்சி தெரியாது, அவ்வளவு தூசு. அவருடைய தம்பி கதிர்வேலும் அடுத்த சில வருடங்களில் அங்கேயே சேர்ந்தார். அண்ணன் பிறகு பனியன் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகி, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசிப் பேசி, என்னையும் கட்டிக்கொண்டு லெஸ்டர் போய்ச் சேர்ந்தார். தம்பி இங்கேயே சின்னதாக, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட் போட்டார். மில்லை விட்டு வந்தாலும் தூசு அண்ணனின் நெஞ்சை விட்டு வரவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் ஒரு நாயாவது வேண்டும் என்று ஆசைப்பட்டார். முடி கொட்டுகிற எதுவும் வீட்டுக்குள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள்தான், பூடில் கலந்த நாய்க்கு முடி அதிகம் கொட்டாது என்று யோசனை சொன்னாள். வெள்ளைச் சுருளாக வந்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "பேரு பஞ்சுன்னே இருக்கட்டும். அத விட்டா எனக்கு யாரத் தெரியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் இருமினால் பஞ்சு எங்கிருந்தாலும் ஓடிவந்து காலடியில் உட்காரும். இருமல் தீர்ந்ததும் அதன் தலையில் கை வைத்து, "சரி சாமி, போலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் எழும். வேறு யார் இருமினாலும் காதைக்கூடத் திருப்பாது. சளி இருமலையும் இந்த இருமலையும் அதற்கு எப்படியோ பிரித்துத் தெரிந்தது.

அந்த இருமலே அவரைக் கொண்டுபோன பிறகும் பஞ்சு உட்கார்ந்தது. அதுதான் என்னை ஆட்டிவைத்தது. சாயங்காலமானால் மாடிப்படியின் கீழ் போய் உட்கார்ந்து மேலேயே பார்க்கும். மேலே எங்கள் படுக்கையறை. யாரும் இல்லை. "சரி சாமி, போலாம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே பார்த்தது. கடைசியில் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விடுவேன். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறினேன். வருடம் திரும்புவதற்குள் வீட்டை விற்றுவிட்டு, நாயோடு ஊருக்கு வந்து, கொழுந்தனார் கதிர்வேல் வீட்டு மாடியில் குடியேறினேன். இங்கே வந்தால் அது மறந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

இங்கே தெருவெல்லாம் அந்த இருமல். யூனிட் வாசலில், பஸ் ஸ்டாப்பில், மளிகைக் கடையில் பஞ்சு உட்கார்ந்துகொண்டே வந்தது. முன்பின் தெரியாத மனிதர்களின் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து முகத்தைப் பார்க்கும். என் சொல்லுக்கு எழாது. நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பேன். "புருசன் போயி வருசங்கூடத் திரும்பல, நாயச் சீவிச் சிங்காரிச்சு இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரியறா" என்று என் முதுகுக்குப் பின்னால் பேச்சு வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

ரங்கசாமி என்று ஒரு பெரியவர், கொழுந்தனார் யூனிட்டின் வாட்ச்மேன். பஞ்சு தினமும் அவர் நாற்காலி முன்னால் உட்காரும். "வா கண்ணு, நீ ஒருத்தன்தான் என்னைய விசாரிக்கிற" என்று பிஸ்கட் போடுவார். மழை பிடித்த ஒரு வாரத்தில் நெஞ்சு கட்டி இறந்துபோனார். ஏற்கெனவே முடியாத மனிதர்தான். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து தெரு மாறிவிட்டது. என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். வாயில் துண்டைப் பொத்தி, கண்ணில் நீர் முட்ட, நாய் கடந்து போகும்வரை இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்கள். யூனிட்டில் துணியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏனுங்கக்கா, அது உக்காந்தா ஆளு போயிருமாமா?"

கதிர்வேல் மகா மரியாதைக்காரர். நேரே சொல்லக் கூசி மூன்று நாள் சுற்றிவந்து, "நங்கை, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் அழைப்பார்கள். "லேபர் எல்லாம் பயப்படறாங்க. அமராவதி நகர்ப் பக்கம் நம்ம தோட்டத்துல உட்டர்லாமுங்க. அங்க அதுபாட்டுக்கு ஓடியாடி இருக்கும்."

"லேபர் பயப்படறாங்களா, நீங்க பயப்படறீங்களா தம்பி?" என்றேன். ஏனென்றால் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பஞ்சு இருக்கும் பக்கம் அவர் வருவதே இல்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் பஞ்சு உட்கார்ந்திருக்கும். டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொன்ன போதெல்லாம், "எனக்கென்னங்க, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்து மழுப்பினார். பார்த்துக்கொண்டே ஒருவரை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். இன்னொருவரையும் அப்படிக் கொடுக்க வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவுதான் பேச முடியும்? நாயைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சம்மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதிர்வேல் கார் சாவியோடு படியேறி வந்தார். நான் பஞ்சுவின் தட்டையும் சீப்பையும் பையில் வைத்துக்கொண்டு மேலே நின்றேன். பாதிப் படியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்துவிட்டார். பஞ்சு என் கையை உதறிக்கொண்டு ஓடி, அவருக்கு மேல்படியில் உட்கார்ந்தது. அவர் பயத்தோடு அதையே பார்த்தார். இருமல் ஒருவழியாக நின்றது. தோட்டத்துக்கு நேரமாயிற்று என்ற நினைப்பில், அதைக் கிளப்புவதற்காக, தயங்கித் தயங்கி அதன் தலையில் கை வைத்து, "சரி சாமி, போலாம்" என்றார்.

பஞ்சு எழுந்தது.

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் என் வீட்டுக்காரருடையது. வால் ஆடிய வேகத்தில் நாயின் உடம்பே ஆடியது. கதிர்வேலின் கையை, சட்டையை, காலை மோந்து மோந்து பார்த்தது. பிறகு வால் மெல்ல நின்றுபோனது. நான் பையைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

"என்னாச்சுங்க நங்கை?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு யாரையும் கூட்டிக்கொண்டு போக உட்காரவில்லை, இருமல் முடியட்டும் என்று காத்திருக்கிறது, அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்றேன். அவர் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் பஞ்சுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அண்ணனுக்கு எந்த வயசுலங்க இப்பிடி ஆச்சு?" என்று கேட்டார்.

"உங்க வயசுலதானுங்க தம்பி."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். "நாயையும் ஏத்துங்க. அத விட்டுட்டு வந்தா நீங்க அங்க நிம்மதியா உக்கார மாட்டீங்க" என்றார். தோட்டத்துக்கா என்றேன். "இல்லீங்க. கோயமுத்தூருக்கு. இன்னைக்குப் பாக்கற டாக்டரு யாராச்சும் இருப்பாங்கல்ல?"

பின்சீட்டில் பஞ்சு படுத்துக்கொண்டது. லெஸ்டரில் நான் உட்காரும் அதே இடப்பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்தேன். பல்லடம் நெருங்குகையில் வலப்பக்கம் இருமல் கேட்டது. பின்னால் பஞ்சு எழுந்து உட்கார்ந்தது கண்ணாடியில் தெரிந்தது. இருமல் முடிந்ததும் அந்தக் குரல், "சரி சாமி, போலாம்" என்றது. எந்த ஊர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கம் தமிழில் எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பார்த்தால் கதிர்வேலாகிவிடுவார் என்று, கோயமுத்தூர் வரும்வரை ஓட்டுகிறவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.