பதினாறு படச்சீட்டு

ஷாகிராவுக்கு நிகழ்தகவு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும். வெறுப்பில் வருகிற கொட்டாவி இல்லை, களைப்பில் வருவது. ஒன்பது வருடமாக ஒரே பாடத்தோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் வராது? காத்தான்குடியில் பஸ் ஏறினால் மட்டக்களப்பு நகரத்துக்குக் கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலமும் அவள் மடியில் ஒரு கொப்பி விரிந்திருக்கும். பைக்குள் இருந்து சிவப்புப் பந்து எடுப்பாள், தாயக்கட்டை உருட்டுவாள், ஏழு பேரை வட்டமேசையைச் சுற்றி எத்தனை விதமாக இருத்தலாம் என்று பார்ப்பாள். எல்லாம் கடதாசியில்தான். கல்லடிப் பாலத்தில் வாவிக்காற்று அடித்துக் கொப்பி ஒற்றை பறக்கும்போது பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை எழுதுவாள்.

வயது முப்பத்தைந்து. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் தரவு பதியும் வேலை, அதுவும் நிரந்தரமில்லாதது. புருஷன் றிப்ஷான் கட்டாரில். வீட்டில் ஒரு மகள், சீனி வருத்தக்கார வாப்பா, முழங்கால் மடக்க முடியாத உம்மா. காலை நாலரைக்கு எழும்பினால் சுபஹ் தொழுகை, புட்டு, மகளின் தலைவாரல், வாப்பாவின் மருந்து, பிறகு பஸ். பின்னேரம் வந்தால் இதே பட்டியல் தலைகீழாக. றிப்ஷான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோல் எடுப்பான். "படிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஓம், படிச்சன்" என்பாள். அந்த மனிசனுக்கு வேறு கேள்வியே கிடையாதா என்று போனை வைத்ததும் எரிச்சல் வரும்.

விசயம் இதுதான். வெளிவாரிப் பட்டப்படிப்பில் இருபத்திரண்டு பாடம். இருபத்தொன்றை ஷாகிரா முடித்துவிட்டாள். மிச்சம் ஒன்று, பின்னகக் கணிதமும் நிகழ்தகவும். எல்லோரும் டிஸ்கிறீட் மெத்ஸ் என்று சுருக்கிச் சொல்வது. பாஸ் மார்க் நாற்பது. அவள் எடுத்ததோ முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. ஒரு பாடத்துக்கு நாலு தரம்தான் தோற்றலாம், ஐந்தாம் தரம் கிடையாது. நாலாவது தரமும் விழுந்தால் முடித்த இருபத்தொன்றும் சேர்ந்து குப்பைக்குள். பட்டம் இல்லை, நிரந்தர நியமனமும் இல்லை. சோதனைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

இத்தனைக்கும் அவள் கணக்கில் மொக்கு இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்பு காத்தான்குடியில் இருந்து பதினொரு பெண்கள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது கணக்கென்றால் எல்லோரும் ஓடிவந்தது அவளிடம்தான். பரீட்சை நடத்துகிறவர்கள் பழைய வினாத்தாளை விற்பார்கள், விடையை மட்டும் கண்ணில் காட்டமாட்டார்கள். எழுதிய தாளும் திரும்பி வராது. எங்கே பிழைத்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. ஆகவே ஷாகிராவே எட்டு வருட வினாத்தாளை எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்து, வடிவான கையெழுத்தில் எண்பத்திநாலு பக்கம் எழுதினாள். அசனாரின் போட்டோக்கொப்பிக் கடையில் மூலப்பிரதியைக் கொடுத்து வைத்தாள். வருடா வருடம் புதிதாகச் சேருகிற பிள்ளைகளும் அங்கே போய் "ஷாகிரா நோட் ஒண்டு அடிச்சுத் தாங்க" என்று கேட்டு வாங்குவார்கள். பாடம் பாஸாகாதவளின் நோட்டுக்கு அப்படி ஒரு மவுசு!

அந்த மூன்று கிழமையில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கதிரைக் கேதீஸ்வரி சோற்றுப் பாசலை விரித்தபடி நோட்டை எட்டிப் பார்த்தாள். பழுகாமத்துக்காரி. கணக்கு அவளுக்குக் காத தூரம், ஆனால் எதையும் வாசிக்காமல் விடமாட்டாள்.

"ஐம்பத்திரண்டு சீட்டில ரெண்டு எடுத்தா ரெண்டும் படச்சீட்டா இருக்க நிகழ்தகவு..." என்று வாசித்தவள் நிமிர்ந்தாள். "என்ன ஷாகிரா, படச்சீட்டு பதினாறு எண்டு போட்டிருக்கீங்க? பன்னிரண்டுதானே."

"இல்ல கேதீஸ், பதினாறு. ஏஸ், கிங், குயின், ஜக். நாலு நாலு பதினாறு."

"ஏஸ்ல எங்க படம் இருக்கு?"

"இல்லாம? இலக்கம் ரெண்டுல இருந்து பத்து வரைக்கும்தானே? அது ஒம்பது. பதிமூண்டுல ஒம்பது போனா நாலு. மிச்சம் படம்தானே!"

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறியது. "உங்கட வீட்டில காட்ஸ் விளையாடுறதே இல்லையா?"

"அல்லாஹ்! எங்கட வாப்பா கண்டா என்னையும் காட்ஸையும் சேத்து வீதியில எறிவார்."

பொய் இல்லை. வாப்பா சரீபின் வீட்டில் சீட்டு என்பது சூதாட்டச் சாமான், ஹராம். தொலைக்காட்சி நாடகத்தில் யாராவது சீட்டைக் கலைத்துப் போட்டால்கூட உம்மா எழும்பி சனலை மாற்றிவிடுவாள். ஷாகிரா முப்பத்தைந்து வயது வரைக்கும் ஒரு சீட்டைக் கையால் தொட்டதில்லை. வினாத்தாளில் இருந்த விபரத்தை வைத்துக் கழித்தல் கணக்காகவே ஒரு சீட்டுக்கட்டை மனதில் செய்து வைத்திருந்தாள். கழித்தல் சரிதான், சீட்டுத்தான் வேறு. இந்தக் காலத்தில் போனில் தட்டினால் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். தெரியும் என்று அடித்துச் சொல்கிற ஒன்றை யாராவது போய்த் தேடுவார்களா? விழுந்த ஒவ்வொரு தரமும் அவள் மற்ற எல்லாக் கணக்கையும் சந்தேகப்பட்டாள். இதைச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் கேதீஸ்வரி ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தாள். உள்ளே அவள் புருஷன் ரதீஸின் சீட்டுக்கட்டு, ஓரமெல்லாம் அழுக்கேறியது. "பழுகாமத்தில எந்தச் செத்தவீடெண்டாலும் விடிய விடிய முழிச்சிருக்க முந்நூற்றிநாலு விளையாட இவர்தான் வேணும்" என்றாள். "இதில முப்பத்திரண்டுதான் இருக்கும். அந்த விளையாட்டுக்குச் சின்ன இலக்கமெல்லாம் தேவையில்ல, கழிச்சுப்போடுவாங்க. ஆனா படமெல்லாம் இருக்கு, பாருங்க."

ஷாகிரா வாய்க்குள் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டுதான் தொட்டாள். ராஜா, ராணி, கையில் ஈட்டியோடு ஒரு பொடியன். ஒவ்வொன்றிலும் முகம் இருந்தது. பிறகு கேதீஸ்வரி ஏஸை எடுத்து வைத்தாள். வெள்ளைச் சீட்டு. நடுவில் ஒரே ஒரு சிவப்பு ஆட்டின், இதய வடிவம். அவ்வளவுதான். முகமும் இல்லை, மூக்கும் இல்லை. மற்ற மூன்று ஏஸையும் பிரட்டிப் பார்த்தாள், அவையும் அப்படித்தான்.

கை தன்பாட்டில் பேனையை எடுத்தது. ஐம்பத்திரண்டில் பன்னிரண்டு, பெருக்கல் ஐம்பத்தொன்றில் பதினொன்று. சுருக்கினால் இருநூற்றி இருபத்தொன்றில் பதினொரு பங்கு. அவள் ஒன்பது வருடமாக எழுதியது இருபது பங்கு. ஐந்தாம் கேள்வி எந்த வருடமும் சீட்டுக்கட்டுத்தான், அதில் படச்சீட்டுப் பகுதி தவறாமல் வரும், அதற்கு ஆறு மார்க். மூன்று தரமும் அந்த ஆறு மார்க்கை அவளே கொண்டுபோய் வாவிக்குள் போட்டிருக்கிறாள். முப்பத்தைந்தோடும், முப்பத்தேழோடும், முப்பத்தெட்டோடும் ஆறைக் கூட்டிப் பார்த்தாள். மூன்றும் பாஸ்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், கேதீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு டின்னை மூடும்போதுதான் நபீஸாவின் நினைவு வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

நபீஸா அவளோடு சேர்ந்த பதினொரு பேரில் ஒருத்தி, பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. நோட் எழுதிய காலத்தில் படச்சீட்டு எத்தனை என்று கேட்டதே அவள்தான். "மெய்யா கா? இலக்கமில்லாத நாலிலயும் படம் இருக்குமா?" என்று இரண்டாம் தரமும் கேட்டாள். "எனக்குத் தெரியாதா கா? எழுது" என்று அடித்துச் சொன்னவள் ஷாகிரா. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, கணக்குக்காரி என்ற பெருமை. நபீஸா நாலு தரமும் எழுதி முடித்துவிட்டாள். கடைசித் தரம் முப்பத்தெட்டு. இரண்டு வருடமாகிறது. இப்போது அபாயா தைக்கிறாள்.

அன்று பின்னேரமே ஷாகிரா அசனாரின் கடைக்குப் போய் மூலப்பிரதியை வாங்கி, பதினாறு வந்த இடமெல்லாம் வெள்ளை மை பூசிப் பன்னிரண்டு எழுதினாள். பத்தொன்பது இடம் இருந்தது.

"இத எத்தின பேருக்கு அடிச்சுக் குடுத்திருப்பீங்க, நானா?"

"நூறு, நூத்தம்பது இருக்கும் புள்ள. ஏன்?"

"ஒரு பிழை இருந்திச்சு."

"ஒரு பிழைதானே? எண்பத்திநாலு பக்கத்தில ஒரு பிழை எண்டா அது பிழையா?" என்று அசனார் அடுத்த ஆளின் அடையாள அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தார்.

நபீஸாவிடம் அன்றே போயிருக்க வேண்டும். சோதனை முடியட்டும், தலை கொஞ்சம் ஆறட்டும் என்று ஷாகிரா தனக்குத்தானே சாக்குச் சொன்னாள். சோதனை முடிந்தது. ஐந்தாம் கேள்வி அதே சீட்டுக்கட்டு, அதே படச்சீட்டு. இந்தத் தரம் பன்னிரண்டு என்று எழுதினாள். பிறகு பெறுபேறு வரட்டும் என்றாள். மூன்று மாதம் ஓடிப்போனது. சந்தையில் நபீஸாவின் அபாயாவைத் தூரத்தில் கண்டால் மற்ற ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவாள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

பெறுபேறு வந்தது. நாற்பத்திநாலு. உம்மா கட்டிப்பிடித்து அழுதாள், வாப்பா நன்றிக்கு ஷுக்ர் ஸஜ்தா செய்தார், றிப்ஷான் போனில் குழறி அழுதான். ஷாகிரா வட்டிலப்பம் அவித்து ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு நபீஸாவின் வீட்டுக்கு நடந்தாள். பாஸான சந்தோசம் காலடியோடு நின்றுவிட்டது, நெஞ்சுக்கு ஏறவில்லை.

நபீஸா மெசினை நிறுத்திவிட்டு எழும்பினாள். "பாஸா?"

"ஓம் கா. நாப்பத்திநாலு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நபீஸா அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஷாகிரா அவள் கையை விலக்கி, போனைத் திறந்து, ஏஸின் படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூன்று மாதம் ஒளித்துத் திரிந்ததையும் சொன்னாள்.

நபீஸா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதில படமே இல்லையே கா."

"இல்ல."

"நான் உன்னட்டக் கேட்டன்."

"ஓம். ரெண்டு தரம் கேட்டாய்."

"எத்தின மார்க் அதுக்கு?"

"ஆறு."

நபீஸா போனைத் திருப்பிக் கொடுத்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "முப்பத்தெட்டும் ஆறும் எத்தின?"

ஷாகிரா போனை அணைத்தாள்.

"சொல்லு கா. நீதானே கணக்குக்காரி."

"நாப்பத்திநாலு."

"உன்ட மார்க்தான்" என்று நபீஸா மெசினில் போய் இருந்தாள். கறுப்புத் துணியை இழுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள், ஆனால் மிதிக்கவில்லை. "எனக்கு உன்னோட கோவமில்ல, ஷாகிரா. கோவிக்கவும் ஏலாது, அவ்வளவு களைப்பா இருக்கு. வட்டிலப்பத்த அதில வெச்சிட்டுப் போ. புள்ளைகள் பள்ளிக்கூடத்தால வந்தா திங்கும்."

ஷாகிரா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். ஒழுங்கை முடியும்வரை மெசின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்கவில்லை.