ஹாலில் கிடந்த ஈரம்

நாய் வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் என் கட்டிலைப் பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கியிருந்தது. எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்திருந்தது. கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் கசியும், அப்புறம் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு காலையில் என் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஹால் தரையில் ஈரம் கிடந்தது. சொம்புத் தண்ணீர் கொட்டிவிட்டது என்றேன். என் மகன் குனிந்து மோந்து பார்த்தான். பெற்ற பிள்ளை அப்படிக் குனிந்ததைப் பார்த்ததற்கு, ஆபரேஷன் டேபிளிலேயே போயிருக்கலாம் என்று தோன்றியது.

“பின்னாடி மோட்டார் ரூம் சும்மாதானப்பா கெடக்கு. பக்கத்துலயே கக்கூஸும் இருக்கு. ஒங்களுக்கு வசதியா இருக்கும்” என்றான்.

உனக்கு வசதி என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு வசதி என்று அர்த்தம். பொதுப்பணித் துறையில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடவா தெரியாது? கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வாய்க்காலாக ஷட்டரைத் திறந்துவிடுவதும் அடைப்பதும்தான் என் வேலை. நான் சாவியைத் திருப்பினால்தான் வயலுக்குத் தண்ணீர் போகும். பெரிய பெரிய பண்ணையார்கள் எல்லாம் என் சைக்கிளைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டிருக்கிறார்கள். இப்போது என் சொந்தத் தண்ணீர் என் பேச்சைக் கேட்கவில்லை. இதைச் சொல்லி என் மகனே ஒருநாள் சிரித்தான். நன்றாகத்தான் சொன்னான், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மோட்டார் ரூம் என்பது பின்பக்கம், மதில் ஓரமாக, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. உள்ளே மோட்டார், உர மூட்டை, உடைந்த ஏர்கூலர், பல்லிகள். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஹாலில் என் கட்டில் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. குமுளி போகிற பஸ், திராட்சை ஏற்றிய வண்டி, பால்காரர், பல் விளக்கிக்கொண்டே நடக்கிற எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாம் தெரியும். “என்ன பெருசு, எந்திரிச்சாச்சா?” என்று ரோட்டில் போகிற நாலு பேராவது கேட்பார்கள். அந்த நாலு பேர் கேட்பதற்காகத்தான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். மாட்டேன் என்றேன். என் மகன் யோசித்துவிட்டு, “சரி, இன்னொரு தடவ தரையில ஈரம் கெடந்துச்சுன்னா பாத்துக்குவம்” என்றான். தண்டனையைத் தள்ளி வைத்த நீதிபதி மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு காய்கறி கமிஷன் கடைக்குப் போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் மருமகள் ஒரு நாயோடு வந்து நின்றாள். அவள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். செல்போனில் நாய்ப் பிரியர்கள் குழு ஒன்றில் இருக்கிறாள். வெளுத்த பழுப்பு நிறத்தில் லேப்ரடார். ஏதோ ஊரில் மாடி வீட்டில் வளர்ந்ததாம். சுற்றுலா வந்தவர்கள் குமுளி செக்போஸ்ட் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம்.

“இப்படி வளக்குறதுக்கு ஃபாஸ்டர்னு பேரு மாமா. நல்ல வீடு கெடைக்கிற வரைக்கும் நாம வச்சுப் பாத்துக்கிரணும்.”

“அப்ப இது என்ன வீடுத்தா?” என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் நாய் ஹாலின் நட்டநடுவில் வந்து நின்று, எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நிதானமாக ஒண்ணுக்குப் போனது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. இனி இந்த ஹாலில் எங்கே ஈரம் கிடந்தாலும் பழியைப் போட ஓர் ஆள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் என் தட்டிலிருந்து ஒரு முட்டையை அதற்குப் போட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் ஈரம், பீரோ முன்னால் ஈரம், சில காலைகளில் என் கட்டில் பக்கத்தில் ஈரம். ஒவ்வொரு தடவையும் மருமகள் முதலில் நாயைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். ஒருநாள் அடுப்படியில் அவள் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

“ஏங்க, இது நாயா, மாமாவா?”

“மோந்து பாரு, தெரியும்” என்றான் என் மகன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடக்கிய சிரிப்புத்தான் அதிகம் சுடும்.

ஒரு காலையில் கடைக்குக் கிளம்பிய என் மகன் என் கட்டிலுக்கு அருகே கிடந்த ஈரத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றான். “இந்தா, இங்கன கெடக்குல்ல” என்று நாயைத்தான் நான் காட்டினேன். அவன் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்து அதன் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தான். செருப்பால் இரண்டு வைத்தான். நாய் கத்தவில்லை. காதை மடக்கிக்கொண்டு வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. மருமகள் ஓடிவந்து குதித்தாள்.

“அடிக்கக் கூடாதுன்னு குரூப்புல படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காக. வாயில்லாத சீவன் என்ன செய்யும்?”

வாயில்லாத சீவனுக்குப் பரிந்து பேச ஒரு குழுவே இருக்கிறது. வாய் இருக்கிற சீவன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அடி போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அடியால் தரை காயாது. நாய் பெயரைச் சொல்லிக்கொண்டே காலம் தள்ள முடியாது என்பதும் புரிந்தது. நாயைக் கொல்லைக்குப் பழக்கிவிட்டால் ஹாலில் ஈரம் நின்றுவிடும். நின்றுவிட்டால் அத்தனையும் நாய்தான் என்று நிரூபணமாகிவிடும். இந்த வீட்டில் என் மேல் வழக்கும் இருக்காது, மோட்டார் ரூம் பேச்சும் இருக்காது. நானே பழக்குகிறேன் என்று சொன்னேன்.

“நல்லதாப் போச்சு மாமா. நீங்க சும்மாதான இருக்கீக” என்றாள் மருமகள்.

அது லேசான வேலையாக இல்லை. சோறு தின்றதும் அதைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். முருங்கை மரத்தடியில் நிற்கும். மண்ணில் காலை வைத்தால் சுடுகிற மாதிரி தூக்கும். நான் நிற்பேன், அதுவும் நிற்கும். “போலே, போய்த் தொலையேன்” என்று கெஞ்சுவேன். சமயத்தில் எனக்கு வந்துவிடும், அதற்கு வராது. நான் கக்கூஸுக்கு ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் அது உள்ளே போய் ஹாலில் வேலையை முடித்திருக்கும். அந்தச் சமயங்களில் அதை வையாத வார்த்தை இல்லை. அதைக் கைவிட்டுப் போனவர்களின் தாய் தகப்பனையும் விடவில்லை.

கொஞ்ச நாள் கவனித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. மிதியடியில் அது போவதில்லை, சிமெண்டு நடையில் போவதில்லை, வழவழப்பான டைல்ஸில் மட்டும்தான் போகிறது. மாடி வீட்டில் பாத்ரூமில் விட்டு வளர்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அதைப் பொறுத்தவரை டைல்ஸ் போட்ட இடமெல்லாம் கக்கூஸ். என் மகன் கடன் வாங்கிப் பளபளவென்று இழைத்த ஹாலை ஊரே பார்த்து வாயைப் பிளந்தது. நாய் ஒன்றுதான் அதற்குச் சரியான பெயர் வைத்தது.

வீடு கட்டி மிச்சமான டைல்ஸ் மோட்டார் ரூமில் அடுக்கிக் கிடந்தது. நாலைந்தை எடுத்து வந்து முருங்கை மரத்தடியில் மண்ணில் பதித்தேன். ஹாலைத் துடைத்த துணியை அதன் மேல் பிழிந்தேன். நாயைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மோந்து பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, அங்கேயே ஒண்ணுக்குப் போய்விட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. மடியில் வைத்திருந்த பொறையை உடைத்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து டைல்ஸ் மேல் ஒரு பிடி மண் தூவினேன். அடுத்த நாள் இன்னும் ஒரு பிடி. கடைசியில் டைல்ஸ் மண்ணுக்குள் போய்விட்டது, நாய் மண்ணில் போகப் பழகிவிட்டது. ஷட்டரைப் படிப்படியாகத்தான் அடைக்க வேண்டும், ஒரேயடியாக அடைத்தால் கரை உடைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

மருமகள் பூரித்துப் போனாள். நாய் கொல்லைக் கதவைக் காலால் பிறாண்டிக் கேட்பதையும், ஓடிப்போய் மரத்தடியில் காலை மடக்குவதையும் வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள். “குட் பாய், குட் பாய்” என்று அதன் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். நானும் அன்று ஒரு தடவை நேரத்தோடு எழுந்து நனையாமல் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தேன். என் தாடையை யாரும் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் ஹால் காய்ந்தே கிடந்தது. என் வாய் அப்புறம் சும்மா இருக்குமா? காலையில் மருமகள் தரை துடைக்க மாப்பை எடுத்து வரும்போதெல்லாம், “என்னத்துக்குத்தா அது? எங்கன இருக்கு ஈரம், காட்டு பாப்பம்?” என்பேன். “பழி ஓரிடம், பாவம் ஓரிடம். படிச்சவக இருக்குற வீட்டுலயே இப்படி” என்பேன். அவள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நிற்க வைத்துச் சொல்வேன். ஒருநாள் அவள் கண் கலங்கி, “தப்புத்தான் மாமா, மன்னிச்சுக்கங்க” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். மகனையும் சொல்லச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பழக்கிய நாய்க்கு உடனே கிராக்கி வந்துவிட்டது. வீடியோவைப் பார்த்த மதுரைக் குடும்பம் ஒன்று, இப்படி வெளியே போய்வருகிற நாய்தான் வேண்டும் என்று கேட்டது. மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை.

“எல்லாம் ஒங்களாலதான் மாமா. நீங்க பழக்கலைன்னா இத யாரும் எடுத்துருக்க மாட்டாக.”

“இப்ப என்னத்தா அவசரம்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. எனக்கும் பகல்ல ஒரு தொண” என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். நாயை நான் வாய்க்கு வாய் சனியன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு அதன் மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாசம் இல்லை, பயம். என்ன பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அந்த நாய் இந்த ஹாலில் படுத்திருந்தால் நல்லது என்று மட்டும் தோன்றியது. நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் வந்தார்கள். நாய் ஒரே தாவலில் பின் சீட்டில் ஏறி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டது. சோறு போட்டவன், கொல்லையில் வெயிலில் நின்று கெஞ்சியவன் வாசலில் நிற்கிறானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய்க்கு நன்றி உண்டு என்று எழுதி வைத்தவன் லேப்ரடார் வளர்த்திருக்க மாட்டான். ஆண்டிபட்டி ரோட்டில் கார் திரும்பும் வரை மருமகள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை என் மகன் கடைக்குக் கிளம்பி வந்தான். ஹாலில் கால் வைத்ததும் சறுக்கியது.

“ஏ நாயே!” என்று கத்தினான்.

மருமகள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் படுத்தபோது தரை காய்ந்து கிடந்தது, இடையில் எழுந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ஈரம் என் கட்டில் காலிலிருந்து பாத்ரூம் வாசல் வரை கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நாய் படுக்கும் சாக்கு மூலையில் மடித்து வைத்திருந்தது. சொம்புத் தண்ணீர் என்று சொல்லலாம் என்று பார்த்தால் சொம்பு கட்டிலடியில் நிமிர்ந்தே இருந்தது. அன்றைக்கு அவன் அந்த நாயின் மூக்கைத் தேய்த்தது யாருடைய ஈரத்தில் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மருமகள் மாப்பை எடுத்து வந்து துடைத்தாள். இத்தனை நாள் நான் அவளை நிற்க வைத்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் மகனும் கோபப்படவில்லை. அவன் முகத்தில் ஒரு வேலை முடிந்த நிம்மதிதான் தெரிந்தது. காலைக் கழுவிவிட்டு வந்தான். செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டே பேசினான். மறுமுனையில் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீசியன்.

“மோட்டார் ரூம்ல ஒரு ஃபேனும் லைட்டும் போடணும்ணே. இன்னைக்கே வர முடியுமா?”

“மோட்டார் ரூம்லயா? அங்கன யாரு தம்பி இருக்கப் போறா? வெக்க ஆள அவிச்சுப்புடுமே” என்றார் அவர். பிறகு அவரே சிரித்தார். “ஓ, ஒங்க வீட்டுல நாய் வச்சுருந்தீகல்ல. நாய்க்காத் தம்பி?”

என் மகன் சீப்பை நிறுத்தினான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்.

“ஆமாண்ணே, நாய்க்குத்தான்” என்றான். “சின்ன ஃபேனாப் போட்டாப் போதும்.”